மாலை கட்டிய கயிறு

உருளைகள் விரல் நுனியைக் கவ்வியதும் குமாரதாஸ் தலைக்கு மேல் ஓடும் கயிற்றை இழுக்கிறார். மில் நிற்கிறது. குனிந்து பார்க்கிறார். நுனியோடு நின்றிருந்தால் சரி; அரை விரல் உள்ளே போயிருந்தால் பிரேக்கைப் பார்க்காமல் அன்றைக்கு வேலை தொடங்காது. பிறகு உருளைகளைப் பின்னோக்கித் திருப்பி, அந்தக் கையை வெளியே எடுத்து ஆணியில் மாட்டுகிறார். பழந்துணி அடைத்து, கம்பில் கட்டிய தோல் கையுறை அது. ஒரு வேலையும் செய்யாமல் சகல மரியாதையோடும் தொங்குவதால் அங்கே அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர்.

முதல்முறை பார்த்தபோது மனிதக் கைதான் போகிறது என்று நினைத்து அலறிவிட்டேன். "பயந்திட்டியளா சாரே" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

இராஜாக்கமங்கலம் சாலையில் என் வீட்டுக்கு அடுத்த மதில், சைபுதீனின் ரப்பர் மிதியடிக் கம்பெனி. காலையில் அவரோடு பேப்பர் படிக்கப் போவது என் வழக்கம். அங்கே தென்னந்தடி பருமனில் இரண்டு இரும்பு உருளைகள் ஒன்றையொன்று பார்த்துச் சுழலும். புகையில் காய்ந்த ரப்பர் ஷீட்டை அதில் கொடுத்தால் நசுங்கி, சூடேறி, இளகி, முன் உருளையில் சுற்றிக்கொள்ளும். குமாரதாஸ் கத்தியால் கீறி மடித்து மறுபடி ஊட்டுவார். கூட வேலைக்கு நிற்கும் சுனிதா கரிப்பொடியைத் தூவுவாள். கந்தகம் வரும்போது மட்டும் அவர் கையை உயர்த்தி அவளை நிறுத்திவிட்டு, முகர்ந்து பார்த்துத்தான் சம்மதம் சொல்வார்.

"கந்தகம் கடைசீலதான் கேறணும். முந்திக் கேறிச்சுண்ணா இங்கயே வெந்து போவும். பொறவு மிதியடியும் இல்ல, ஒண்ணும் இல்ல."

ஆளைப் பார்க்குமுன் கையைப் பார்க்கிறவர். வாட்ச், மோதிரம், தொளதொளத்த முழுக்கை எதுவும் மில்லுக்குப் பக்கத்தில் வரக்கூடாது. சுசீந்திரத்தில் பூசாரி என் மணிக்கட்டில் கட்டிவிட்ட கயிற்றைக் கேட்காமலே அறுத்துவிட்டார். "சாமி பொறுக்கும் சாரே, மில்லு பொறுக்காது" என்றார். எனக்கு வந்த கோபத்தில் கொஞ்ச நாள் அந்தப் பக்கமே போகவில்லை.

காரணத்தைச் சைபுதீன்தான் சொன்னார். குமாரதாஸ் முன்பு வேலை பார்த்த இடத்தில் கபிரியேல் என்று ஒரு கூட்டாளி. அவர் கல்யாண மோதிரம் சூடான ஷீட்டில் ஒட்டியது. கயிறு அங்கேயும் இருந்தது. தெரியாமல் கைபட்டு மில் அடிக்கடி நிற்கிறது என்று அதை மேலே சுருட்டிக் கட்டியிருந்தார்கள். கபிரியேல் இப்போது குளச்சலில் இடது கையால் பெட்டிக்கடை நடத்துகிறார்.

இந்த வருஷ ஆயுத பூஜைக்கு மில்லைக் கழுவி, சந்தனம் பூசி, வாழைக்கன்று நட்டு, தோவாளைச் செவ்வந்தி மாலையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கட்டினார்கள். அவல் பொரி சைபுதீன் செலவு. கல்லூரியில் படிக்கும் மகள் நந்தனாவைக் குமாரதாஸ் அழைத்து வந்திருந்தார். கை நிறையக் கண்ணாடி வளையல். வண்டிச் சக்கரத்தடியில் வைப்பதுபோல இங்கே எலுமிச்சம்பழத்தை, ஓடவிட்ட உருளைகளின் இடுக்கில் வைப்பார்கள். எப்போதும் அவரே வைப்பார். இந்த முறை மகள் ஆசைப்பட்டாள். அவர் வளையல்களைப் பார்த்துத் தயங்கினார்.

"வளையல மேல ஏத்திவிட்டு வை மக்கா. நான் கயித்தப் பிடிச்சிட்டு நிக்கேன்லா."

பழம் தெறித்து அவள் முகமெல்லாம் சாறு. எல்லோரும் சிரித்தோம். நான் கைகூடத் தட்டினேன். சைபுதீன் சுவரிலிருந்த சுவிட்சை அணைத்தார்.

விடுமுறை கழிந்து மில்லைத் திறந்த காலையில் மாலை வாடிக் கிடந்தது. குமாரதாஸ் மாப்பிள்ளையை எடுத்து நீட்டினார். விரல் போனது. கயிற்றை இழுத்தார். மில் நிற்கவில்லை. உள்ளங்கை போனது. கம்பை விட்டுவிட்டு இரண்டு கையாலும் கயிற்றில் தொங்கினார். மணிக்கட்டும் போனது, கம்பு முறிந்தது. சுனிதா ஓடிப்போய்ச் சுவர் சுவிட்சை அணைப்பதற்குள் கையுறை மறுபுறம் அப்பளமாக விழுந்தது. துணிதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவரே ஸ்டூலில் ஏறிப் பார்த்தார். கயிறு இழுத்தால் சாய வேண்டிய லிவரை, மாலையோடு சேர்த்து நைலான் சரட்டால் தூணில் இறுகக் கட்டியிருந்தது. ரப்பர்க் கட்டுகளுக்குப் போடும் இரட்டை முடிச்சு. "நான் போட்டதுதான்" என்றார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே, இனிமேல் பார்த்துக்கொள்ளலாம் என்று சைபுதீன் தேற்றினார்.

"பூசைக்கு முந்தியே கட்டியாச்சு" என்றார் குமாரதாஸ்.

எனக்கு அது உறைக்கச் சற்று நேரமானது. நந்தனா பழத்தை வைத்தபோது அவர் பிடித்துக்கொண்டு நின்றது எதையும் நிறுத்தாத வெறும் கயிறு. நான் கைதட்டியது அதற்கு.

கீழே இறங்கி போனை எடுத்தார். விரலெல்லாம் கரி, காதில் வைக்காமல் ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏட்டி, என்ன செய்யுத?"

"லேப்ல ரெக்கார்டு எழுதுதேன்ப்பா. என்னப்பா இந்நேரம்?"

"எந்தக் கையிலட்டி?"

"இதென்ன கேள்வி? வலக்கையிலதான்."

எழுது, எழுது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

சுனிதா கத்தியை நீட்டினாள். வாங்கவில்லை. நகத்தாலும் பல்லாலும் முடிச்சை அவிழ்த்தார். மாலை அறுந்து விழுந்தது. ஓடாத மில்லின் முன்னால் நின்று கயிற்றை இழுத்தார். லிவர் 'டக்' என்று சாய்ந்தது. நிமிர்த்தி வைத்துவிட்டு மறுபடி இழுத்தார். சைபுதீன் மெக்கானிக்கைக் கூப்பிடப் போனார். சுனிதா பூவையெல்லாம் பெருக்கி அள்ளினாள். நான் பேப்பரை மடித்துக்கொண்டு மதிலைத் தாண்டி வீட்டுக்கு வந்த பிறகும், அந்த 'டக்' கேட்டுக்கொண்டே இருந்தது.