தங்கைக்குக் கூட்டிய இரண்டு வயது

எங்கள் காலனி அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு இந்த வருஷம் போட்ட நாடகத்தில் எனக்கு ஆபீசர் வேஷம். எழுபது தாண்டிய பொம்பளைக்கு ஆபீசர் வேஷமா என்று சிரித்தவர்கள் உண்டு. குரல் அப்படி. நூற்பாலையில் மெஷின் சத்தத்துக்கு மேலே முப்பது வருஷம் பேசிய குரல். மைக் இல்லாமலே ஆற்றங்கரை வரைக்கும் கேட்கும். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் கிடையாது.

நாடகம் எங்கள் கதைதான். இந்தக் காலனியில் பாதிப் பேர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள். இரண்டு அரசாங்கமும் உட்கார்ந்து பேசி, இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று எங்களைப் பங்கு வைத்துக்கொண்டார்கள். ஒரே வீட்டில் அப்பனுக்கு இந்தியா என்று தாள் வரும், மகளுக்கு இலங்கை என்று வரும். அப்படிப் பிரிந்த ஒரு குடும்பத்தை வைத்து, பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்ற அண்ணாச்சி ஒருவர் நாடகம் எழுதியிருந்தார். அவரும் பத்து வயதுப் பையனாக அப்படிக் கப்பலில் வந்தவர்தான். எழுதியதை அவரே வாசித்துக் காட்டுவார். எனக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் ஒருதரம் காதில் விழுந்தால் போதும், மறக்காது. மூன்றாம் நாளே என் வசனம் எல்லாம் பாடம்.

ஒன்றே ஒன்று மட்டும் வரவில்லை. ஆபீசர் பேரேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தகப்பனிடம் சொல்ல வேண்டும்: “உன் சின்ன மகளுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. அவள் தனி மனு. உன்னோடு வர முடியாது.” அந்த இடம் வந்தால் வசனத்தை வாய்க்குள்ளேயே முணுமுணுப்பேன்.

“என்னக்கா, ரேசன் கடையில சண்டை போடுத குரலு இங்கன வந்ததும் எங்க போச்சு?” என்பார் அண்ணாச்சி. “தீர்ப்பு சொல்லுத ஆபீசரு இப்படியா மென்னு முழுங்குவாரு?”

“பைய இரும். தண்ணி குடிச்சிட்டுச் சொல்லுதேன்” என்பேன். தண்ணீர் குடித்தும் வராது.

காரணம் எனக்குத் தெரியும். அந்தப் பதினெட்டை எந்த ஆபீசரும் உண்டாக்கவில்லை. நான் உண்டாக்கினேன்.

தோட்டத்தில் அம்மா காய்ச்சலில் படுத்திருந்த நேரம். கொழுந்து பறிக்கிறவர்களுக்குத்தான் அரிசி. அதற்குத் தோட்டத்துப் பேரேட்டில் பேர் இருக்க வேண்டும். தங்கைக்குப் பதின்மூன்று வயது. வயது காணாது, பேர் பதிய மாட்டார்கள். ஆனால் ஆள் நெட்டையாக இருப்பாள். நான் அவள் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் கணக்கப்பிள்ளை முன்னால் நிறுத்தி, “பதினஞ்சு முடிஞ்சிருச்சுங்க” என்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எழுதிக்கொண்டார். அந்த வாரமே வீட்டுக்கு அரிசி வந்தது. அப்பாவிடம் நான் சொல்லவில்லை.

மூன்று வருஷம் கழித்து இந்தியாவுக்கு மனு எழுதும்போது அந்தப் பேரேட்டைத்தான் எடுத்துப் பார்த்தார்கள். எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது, என் பேர் புருஷன் தாளில் போய்விட்டது. பதினாறு வயதுத் தங்கை பேரேட்டுக் கணக்கில் பதினெட்டு. அவளுக்குத் தனி மனு. பின்னாலேயே வந்துவிடுவாள் என்று நம்பி, மாமன் வீட்டில் விட்டுவிட்டுக் கப்பலேறினோம். அவள் மனு வரவே இல்லை. அப்பா சாகிற வரைக்கும் அந்த ஆபீசரைத் திட்டினார். நானும் கூடச் சேர்ந்து திட்டினேன்.

அங்கே அவள் வெகுகாலம் எந்த நாட்டுக்காரியாகவும் இல்லாமல் இருந்தாள். அப்புறம் நாட்டில் சண்டை. அப்புறம் அவள் புருஷனுக்குச் சீக்கு. தோட்டத்துக்குப் போய்வந்த ஒருவர் மூலம் நம்பர் கிடைத்து, பத்து வருஷமாகப் போனில் பேசுகிறோம், அவ்வளவுதான். இந்த வருஷம் அவளுக்கு ஒரு மாத விசா கிடைத்தது. கொடைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது வந்து இறங்கினாள். நெட்டையாக விட்டுவந்தவள் என் தோளுக்குக் குனிந்து போயிருந்தாள்.

வந்த மறுநாளே ஒத்திகை பார்க்க வந்து உட்கார்ந்தாள். கையில் முறுக்கு, வாயில் சிரிப்பு.

“என்னா அக்கா, நீயும் இவங்களாட்டம் போகுதேன், வருதேன்னு பேசுற?”

“அம்பது வருசமா இந்த ஆத்துத் தண்ணியக் குடிக்கேன். பின்ன உன்ன மாதிரியா பேசுவேன்? முறுக்கத் தின்னுட்டுப் பேசாம இரு, ஏட்டி.”

ஒத்திகையில் அந்தப் பதினெட்டு வசனம் வந்தது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பேரேட்டை மூடிவிட்டேன்.

“அண்ணாச்சி, இந்த நாடகத்துல ஒரு பொய் இருக்கு.”

“என்ன பொய்யி?”

சொன்னேன். தகப்பன் வேஷக்காரி, தாய் வேஷக்காரி எல்லோரும் நிற்க, நின்ற இடத்திலேயே முழுசும் சொன்னேன். தங்கை முகத்தை மட்டும் பார்க்க முடியவில்லை.

முறுக்கு கடிக்கிற சத்தம் கேட்டது.

“அது எனக்குத் தெரியுமே” என்றாள். “நீங்க போன மறு மாசமே கணக்கப்பிள்ளை சொல்லிட்டாரு. அந்த ஆத்திரத்துலதான் ஒன் கடுதாசி ஒன்னுக்கும் பதில் போடல.”

போட்ட கடிதங்கள் எல்லாம் வழியில் தொலைந்துவிட்டன என்று நான் நினைத்திருந்தேன்.

“எவ்வளவு நாளு?” என்றேன்.

“பதினஞ்சு வருசம். பொறவு என் மூத்த மகளுக்குப் பதிமூனு ஆச்சு. வீட்டுல அரிசி இல்ல. நானே அவ கையப் புடிச்சிக்கிட்டுப் போயி ரெண்டு வயசு கூட்டிச் சொன்னேன். திரும்பி வர்ற வழியில ஒன் நெனப்பு வந்திச்சு. அன்னைக்கோட ஆத்திரம் போயிருச்சு.”

“அப்பவாவது ஒரு வரி எழுதியிருக்கலாம்லா?”

“எப்புடி எழுதறது? ஒன் விலாசம் இருந்த கடுதாசிய எல்லாம் அடுப்புல போட்டுட்டேனே!”

முதலில் சிரித்தது அவள்தான். நான் அழவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

அண்ணாச்சி தாளைப் புரட்டிக்கொண்டு நின்றார். “அப்ப நாடகத்த மாத்திருவமா, அக்கா?”

தங்கை முந்திக்கொண்டாள். “மாத்துங்க. ஆனா அக்காவக் கெட்டவளா காட்டிறாதீங்க. அரிசி இல்லாததச் சொல்லுங்க. அந்த ஆபீசரையும் சும்மா விட்றாதீங்க!”

புதிதாக ஒரு அக்கா வேஷம் சேர்ந்தது. அதற்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. “நானே செய்யுறேன்” என்று தங்கையே மேடையில் ஏறி நின்றுவிட்டாள்.

கொடையன்று சாயங்காலம் காலனி முழுக்க வந்து உட்கார்ந்திருந்தது. என் வசனம் வந்தது. ஒரு எழுத்து விழுங்காமல் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் என் தங்கை மேடையில் எனக்கு எதிரே வந்து கைகூப்பி நின்றாள்.

“வயசு கூட்டிச் சொன்னது நாந்தாங்க ஐயா. தப்ப என் பேருல எழுதிக்கிட்டுப் புள்ளைய விட்டுருங்க.”

அண்ணாச்சி எழுதாத வசனம். பக்கத்தில் தாளைப் பிடித்துக்கொண்டு அவர் முழிப்பது தெரிந்தது. ஆபீசர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். சட்டத்தில் இடமில்லை என்பார். அதைத்தான் சொன்னேன், கடைசி வரிசை வரைக்கும் கேட்கிற மாதிரி. பந்தலில் பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி, “போலே ஆபீசரு, வெளங்க மாட்ட!” என்று கத்தினாள். என்னைப் பார்த்துக் கத்தியதில் எனக்கு அவ்வளவு நிம்மதி.

மறுவாரம் அண்ணாச்சி எங்கள் இரண்டு பேரையும் பஸ் ஏற்றித் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போனார். எனக்குப் பாஸ்போர்ட் எடுக்க. போட்டோக் கடையில் தங்கை என் பின்னால் நின்று முடியை ஒதுக்கிவிட்டாள். மாதம் முடிந்து அவளை விமானத்துக்கு ஏற்றிவிட மதுரைக்குப் போனபோது, அங்கே நான் வரும்போது என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று உள்ளே போகிற வரைக்கும் சொல்லிக்கொண்டே போனாள்.

தை மாதம் நான் போகிறேன். மலையில் அப்போது நல்ல குளிராம். சால்வை வாங்கி வைத்திருக்கிறேன்; அவளுக்கும் சேர்த்து இரண்டாக.