சவுதி நேரம்

புதுப் போன் வாங்கிய தோட்டத்து ஆட்கள், பாட்டு வைக்கவும் சாமிப் படம் போடவும் பாடசாலை ஆசிரியனான என்னிடம்தான் வருவார்கள். தேயிலைத் தொழிற்சாலையைக் காவல் காக்கும் வாச்சர் மட்டும், காதை மூடிய கம்பளித் தொப்பியும் கூச்சச் சிரிப்புமாக வந்து, மணியை மாற்றித் தரச் சொன்னார்.

“சவுதி நேரம் வைங்க சேர். வீட்டுக்காரி அங்க ஒரு வீட்டு வேலையிலதான இருக்கா. இப்ப சமைக்கிறாளா, தூங்குறாளான்னு பாத்துக்கலாம்.”

வைத்துக் கொடுத்தேன். அதன்பிறகு யார் மணி கேட்டாலும் போனைப் பார்த்து, இரண்டரை மணித்தியாலத்தை விரல் மடித்துக் கூட்டித்தான் சொல்வார். நாங்கள் சிரிப்போம். அவரும் சிரிப்பார்.

சில வருடங்கள் கழித்து நானுஓயா பஸ்ஸில் அவரைக் கண்டேன். பக்கத்தில் ஊர் திரும்பிய மனைவி, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தார். என் வணக்கம் அவருக்குக் கேட்கவில்லை. மணி கேட்டேன். வாச்சர் பழையபடி விரல் மடித்தார்.

“அவங்கதான் வந்துட்டாங்களே, இன்னும் மாத்தலையா?”

அவர் குரலைத் தாழ்த்தினார். “வந்து வருசமாகப் போவுதுங்க. ராத்திரி லயத்து வீடெல்லாம் தூங்குறப்போ எந்திரிச்சுப் பாத்திரம் கழுவுறா. அவ முழுசா வந்து சேரட்டும் சேர், அப்புறம் மாத்திக்கலாம்.”

மணியைத் திருப்பி வைப்பது எனக்கு ஒரு நிமிட வேலை. அந்தப் போனைக் கேட்டு வாங்க எனக்கு மனம் வரவில்லை.