சவரிமுத்து கடைசியாக மாட்டிய கிராங்க்

சவரிமுத்து போய்விட்டார் என்று காலையில் போன் வந்தது. எனக்கு அதிர்ச்சி இல்லை. கையில் எடுத்த இன்ஜினை மாட்டி முடித்துவிட்டுத்தான் இந்த ஆள் கண்ணை மூடுவார் என்று வத்தலக்குண்டு ரோட்டுப் பட்டறைகளில் முன்பே சொல்லியிருந்தேன். போன பிறகு அவர் கையைக் குறை சொல்ல ஒருவன் வருவான் என்றும் சொன்னேன். இரண்டும் நடந்தன. அவரோடு ஸ்பானர் பிடித்த உங்களுக்கெல்லாம் இது ஞாபகம் இருக்கும். இல்லையென்றால் உங்களுக்கு மறதி.

கடைசி வேலை, பூ வியாபாரி செல்வத்தின் வேன். சவரிமுத்து இன்ஜினைக் கவிழ்த்துப் போட்டு, உள்ளே சுற்றும் கிராங்க் ஷாஃப்டைப் பிடித்திருக்கும் மூடிகளைக் கழற்றி டீசலில் கழுவி, வழக்கம்போல் வாழையிலையில் வரிசையாக வைத்தார். எந்த மூடி எங்கே இருந்ததோ அங்கேயே திரும்பப் போக வேண்டும். மாறினால் ஷாஃப்ட் இறுகிவிடும். ஷாஃப்ட் லேத்துக்குப் போயிருந்த நேரம், செல்வம் பரோட்டாப் பொட்டலத்தோடு வந்தான். இலையைப் பார்த்ததும் மூடிகளை ஓரமாகக் குவித்துவிட்டுச் சால்னாவை ஊற்றினான். டீசல் வாடைகூட அவனுக்குத் தெரியவில்லை.

"ஏலே அப்பு, ஒன் வண்டி முதுகெலும்ப ஒதுக்கிப்புட்டு வெஞ்சனமா ஊத்துற?" என்றார் சவரிமுத்து. செல்வத்துக்கு முகம் வெளுத்துவிட்டது. இவர் சிரித்தார். "கழட்டுறதுக்கு முன்னாடியே ஒவ்வொண்ணுலயும் பஞ்ச் வச்சு புள்ளி அடிச்சுட்டேன். எலை கலையும், புள்ளி கலையாது. தின்னு."

மாட்டும்போது புது பேரிங் வைத்து ஒரு மூடியை முறுக்குவார், ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பார்ப்பார், அப்புறம்தான் அடுத்தது. "கைக்குச் சுத்தாதது சாவிக்குச் சுத்தாது" என்பார். எல்லாம் முறுக்கியபின் ஒற்றை விரலால் தள்ளினார். ஷாஃப்ட் சுற்றிய காற்றில் என் பீடி அணைந்துவிட்டது.

அன்று இருட்டுவதற்குள் இன்ஜினை வேனில் ஏற்றி முடித்துவிட்டு வீட்டுக்குப் போனவர், ராத்திரியே போய்விட்டார். மறுநாள் காலை சாவு வீட்டில் செல்வம் என்னை ஓரங்கட்டினான். "மாமா, தப்பா நெனைக்காதீக. மூடியக் கலச்சது நாந்தான். பெரியவருக்குக் கை வேற நடுங்குச்சு. வேற பட்டறையில பிரிச்சுப் பாத்துட்டு ஓட்டுறேனே."

"அவரப் பொதைக்கிறதுக்கு முன்னாடியே அவர் வேலையப் பிரிப்பியா?" கூட்டம் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். "எம் பெட்டி இந்த வேன்லதான் சிறுமலை ஏறணும்னு நேத்து எங்கிட்டச் சொன்னாருடா. வண்டிய எடு."

அவர் குடும்பக் கல்லறை சிறுமலையில் இருக்கிறது.

"புது பேரிங் மாமா, லோடு ஏத்தக் கூடாது."

"சவரி ஒனக்கு லோடாடா?"

செல்வம்தான் ஓட்டினான். பெட்டியோடு பாதி ஊரும் ஏறியிருந்தது. வளைவுக்கு வளைவு அவன் இன்ஜின் சத்தத்தைக் கேட்டான். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். ஒரு தட்டல் இல்லை, ஒரு முக்கல் இல்லை. மேலே போய் நிறுத்தியவன், "பிரிக்கல மாமா" என்றான்.

சவரிமுத்துவின் பஞ்ச் இப்போது என்னிடம் இருக்கிறது. யார் கேட்டாலும் தரமாட்டேன். அவர் கையைப் பற்றிப் பேச வருகிறவன் முதலில் அந்த வேனில் சிறுமலை ஏறிவிட்டு வரட்டும்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். வேனைப் பற்றி அவர் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. முந்தின நாள் அவர் கேட்டது ஒரு பீடிதான்.