விழாதவரின் ஜெர்சி

கலிபோர்னியாவின் பிளசன்டனில் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் ஓட்டும் தமிழர்களுக்கு மஞ்சள் ஜெர்சியைக் கொண்டுவந்தவர் மகாதேவன். சான்டா கிளாராவில் நெட்வொர்க் பொறியாளர். ஐம்பது தாண்டியவர். ஜூலை மாதம் முழுக்க விடிவதற்கு முன் எழுந்து, சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, பிரான்சில் நடக்கும் சைக்கிள் பந்தயத்தை டிவியில் பார்ப்பார். யார் ஜெயிக்கிறார்கள் என்று மனைவி காமாக்ஷி ஒரு தடவை கேட்டாள். அதற்கு அவர் முந்தின நாள் மலையில் யார் யாருக்காக நின்றார்கள் என்பதைச் சொன்னார்.

அதே பாணியில், வருடத்துக்கு ஒரு முறை, மூன்று ஞாயிறுகள் சேர்ந்தது ஒரு பந்தயம் என்று குழுவில் ஏற்பாடு செய்தார். ஒவ்வொரு ஞாயிறின் நேரத்தையும் கூட்டிக்கொண்டே போவார்கள். அதுவரை குறைந்த நேரம் எடுத்தவர் அடுத்த ஞாயிறு மஞ்சள் ஜெர்சி போட்டுக்கொண்டு ஓட்ட வேண்டும். குழுவில் ஒருவனான பத்ரி ஊருக்குப் போனபோது திருப்பூரில் தைத்துக்கொண்டு வந்த ஜெர்சி. பெரும்பாலானவர்களுக்கு வயிற்றில் பிடிக்கும்.

ஜெர்சியோடு மரியாதையும் வந்தது. அதையும் மகாதேவன்தான் காபிக் கடையில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு விளக்கினார். மஞ்சள் போட்டவருக்குப் பஞ்சர் ஆனால், செயின் கழன்றால், கீழே விழுந்தால், யாரும் முந்திப் போகக் கூடாது. அவர் வந்து சேரும்வரை மெதுவாக மிதிக்க வேண்டும். அப்படி விழுந்து அவர் பந்தயத்தை விட்டே போக நேர்ந்தால், அடுத்த இடத்தில் இருப்பவர் அடுத்த ஞாயிறு அந்த ஜெர்சியைப் போட்டுக்கொள்ள மாட்டார். மஞ்சள் இல்லாமலே எல்லோரும் கிளம்புவார்கள்.

"ஆனா அவன் கால்ல பலம் போச்சுன்னா நிக்கக் கூடாது," என்றார். "அப்போ அட்டாக் பண்ணணும், வேகமெடுத்து முந்திப் போயிடணும். அதுதான் அவனுக்கு ரெஸ்பெக்ட்."

"ரொம்பக் கொடூரமா இருக்கே அண்ணா," என்று கௌசிக் சிரித்தான். குழுவில் வேகமானவன் அவன்.

"பாவம்னு நின்னா, அவன் ரேஸ்லயே இல்லன்னு அர்த்தம்டா."

இந்த வருடத் தொடக்கத்தில் மகாதேவனின் இடது பாதம், ஷூவைப் பிடித்துக்கொள்ளும் பெடலில் மாட்ட மறுத்தது. ஷூவைக் குறை சொன்னார். புதிது வாங்கினார். பிறகு வீட்டுப் படியிலும் தடுக்கியது. பல சோதனைகளுக்குப் பின், தசைகளை இயக்கும் நரம்புகள் செத்துக்கொண்டு வருகின்றன என்றார் டாக்டர். முதலில் கால், பிறகு கை, பிறகு விழுங்குவது, பிறகு மூச்சு. நிறுத்த மருந்து இல்லை. எவ்வளவு காலம் என்று காமாக்ஷி கேட்டாள். டாக்டர் ஒரு சராசரியைச் சொன்னார்.

யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று மகாதேவன் அவளிடம் கேட்டுக்கொண்டார். இந்த ஒரு பந்தயத்தை மற்றவர்களைப் போல ஓட்ட வேண்டும். தோற்றாலும் பரவாயில்லை. மற்றவர்கள் தோற்பதைப் போலத் தோற்க வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது.

முதல் ஞாயிறு லிவர்மோர் பக்கம், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே சமதளச் சாலை. பாதி வழியில் மகாதேவன் தனியாக முன்னே போனார். எதிர்க்காற்று. துரத்தி வருவார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார். கூட்டம் தூரத்தில் சின்னதாகவே இருந்தது. முதலில் வந்து சேர்ந்தார். மஞ்சள் முதல் முறையாக அவருக்கு வந்தது. இளைத்துப்போன உடம்பில் தொளதொளத்தது. வீட்டுக்கு வந்து அதை நாற்காலியின் முதுகில் மாட்டிவிட்டு, எதிரே உட்கார்ந்து சாப்பிட்டார். டாக்டர் தப்பாகக்கூடச் சொல்லியிருக்கலாம் என்றார். காமாக்ஷி அவர் தட்டில் இன்னொரு தோசை வைத்தாள்.

இரண்டாம் ஞாயிறு மவுண்ட் டயாப்லோ மலை. ஏறத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் இடது கால் வெறும் சுமையானது. வலது கால் அதையும் சேர்த்துச் சுற்றியது. கூட்டம் அவரை விட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும். போகவில்லை. அவர் வேகத்துக்கே எல்லோரும் வந்தார்கள். பத்ரி தண்ணீர் பாட்டிலைக் கீழே போட்டுவிட்டு எடுக்க நின்றான். இன்னும் கொஞ்ச தூரத்தில் மறுபடியும் போட்டான்.

"போங்கடா," என்றார் மகாதேவன்.

கடைசியில் கௌசிக் போனான். இருக்கையை விட்டு எழுந்து மிதித்து வளைவில் மறைந்தான். மகாதேவனுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த வளைவைத் திரும்பியபோது, கௌசிக் சைக்கிளை ஓரமாகக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"செயின் கழண்டுடுச்சு அண்ணா. நீங்க போங்க."

மகாதேவன் நின்றார். செயின் அதன் இடத்தில் இருந்தது. கௌசிக்கின் விரல்களில் கிரீஸ் இல்லை.

"யார் சொன்னா?"

கௌசிக் தரையைப் பார்த்தான். "அண்ணி கால் பண்ணினாங்க. நீங்க எங்கயாவது விழுந்துடுவீங்களோன்னு பயந்துட்டாங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

"எப்போ?"

கௌசிக் கவிழ்ந்து கிடந்த சைக்கிளின் பெடலைச் சுற்றினான்.

"லிவர்மோருக்கு முன்னாடியா, பின்னாடியா? அதை மட்டும் சொல்லு."

"முன்னாடி அண்ணா."

மகாதேவன் வலது காலை ஊன்றி இறங்கினார். கீழே, வளைவுக்கு முன்பே, மற்றவர்களும் நின்றுவிட்டிருந்தார்கள். யாரோ எதற்கோ டயரை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் காமாக்ஷிக்குப் போன் செய்து காரோடு வரச் சொன்னார்.

அவளிடம் கோபப்படவில்லை. அதற்கும் பலம் வேண்டும். ஜெர்சியைத் துவைத்து வைக்கச் சொன்னார். மூன்றாம் ஞாயிறு பந்தயம் கிளம்பும் இடத்துக்கு அவளைக் காரோட்டச் சொல்லிப் போனார். அவர் விலகிய பிறகு கணக்குப்படி கௌசிக்தான் முதல். கார்க் கண்ணாடியை இறக்கி ஜெர்சியை நீட்டினார்.

கௌசிக் வாங்கவில்லை. "நீங்க சொன்னதுதானே அண்ணா. லீடர் விழுந்தா அடுத்த வாரம் யாரும் போடக் கூடாதுன்னு."

"நான் விழலடா. தோத்துட்டேன். போட்டுக்கோ."

கௌசிக் கார்க் கதவின் மேல் கையை வைத்து எடுத்தான். பிறகு கூட்டத்தோடு போய்ச் சேர்ந்துகொண்டான். மஞ்சள் இல்லாமல் கிளம்பினார்கள். இரண்டிரண்டு பேராக, மெதுவாக, யாரையும் யாரும் முந்தாமல். இதை மகாதேவன் டிவியில் பார்த்து ரசித்திருக்கிறார். பந்தயத்தில் ஒருவன் செத்துப்போனால் மறுநாள் இப்படித்தான் ஓட்டுவார்கள்.

காமாக்ஷி அவர்களுக்குப் பின்னாலேயே காரை ஓட்டினாள். எதிரே வண்டி எதுவும் இல்லை.

"ஓவர்டேக் பண்ணு," என்றார்.

அவள் இண்டிகேட்டரைப் போட்டாள். கொஞ்ச தூரம் அது அடித்துக்கொண்டே வந்தது. பிறகு அணைத்துவிட்டாள்.