பன்னிரண்டாவது ஆடு

எங்கள் ஜில்லாவில் ஜெயிலுக்குப் போய் வந்தவர்கள் நிறையப் பேர். கொடி பிடித்துப் போனவர்கள், கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்து போனவர்கள் எல்லாம் திரும்பி வந்தபோது மாலை போட்டு, மேளம் கொட்டி அழைத்துப் போனார்கள். நான் போனது ஓர் ஏர்க்காலுக்காக. எனக்கு யார் மேளம் கொட்டுவார்கள்? அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மலைப்பாதையில் ஏறும்போது எதிரே பொதிமாடு ஓட்டி வந்தவர் என் மொட்டைத் தலையைப் பார்த்துவிட்டு, "பழனிக்குப் போயிட்டு வாறீங்களா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்று சொல்லித் தொலைத்தேன். மனிதர் உடனே விபூதிக்குக் கையை நீட்டிவிட்டார். தீர்ந்துபோயிற்று என்றேன். ஆறு மாதத்துக்குப் பிறகு என் மலையில் நான் பேசிய முதல் பேச்சு அதுதான்.

ஏர்க்கால் கதையையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஏதோ கொலை செய்தவன் என்று நினைத்துக்கொள்வீர்கள். அவ்வளவு சாமர்த்தியம் எனக்கு ஏது? சாமை விதைக்கிற நேரத்தில் ஏர்க்கால் முறிந்துவிட்டது. ரிசர்வுக் காட்டுக்குள் புகுந்து ஒரு வேங்கை மரத்தை வெட்டி, கிளை கழித்துத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தேன். பாரம் தூக்கி வருகிறவனை வழியில் கண்டால் தோள் மாற்றிக் கொடுப்பது எங்கள் மலை வழக்கம். எதிரே ஓர் ஆள் வந்தார். வெயிலுக்குச் சட்டையைக் கழற்றிச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தார். "ஏனுங்க, ஒரு கை புடிங்க" என்றேன். பாவம், நல்ல மனிதர், மறுபேச்சில்லாமல் ஒரு முனையைத் தோளில் வாங்கிக்கொண்டார்.

வழி நெடுகப் பேச்சு. மரத்தை எங்கே வெட்டினேன், எப்போது வெட்டினேன், அடிமரத்தை எந்தப் புதரில் மறைத்து வைத்திருக்கிறேன், எல்லாவற்றையும் கேட்டார். நானும் ஒன்று விடாமல் ஒப்பித்தேன். "பாரஸ்டு கார்டு இந்தப் பக்கம் வர மாட்டாருங்களா?" என்றார். "அந்தச் சோம்பேறி எங்கீங்க வாறான்!" என்றேன். என் வீட்டு வாசலில் மரத்தை இறக்கி வைத்தோம். என் மனைவி இரண்டு பேருக்கும் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, சுருட்டி வைத்திருந்த சட்டையை உதறிப் போட்டுக்கொண்டார். காக்கிச் சட்டை, பித்தளைப் பொத்தான். சாட்சியையும் நானே தேடிப் பிடித்து, மரத்தில் பாதியை அவர் தோளிலேயே ஏற்றி, வீடு வரைக்கும் கூட்டி வந்திருக்கிறேன். மாஜிஸ்திரேட் இதைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஆறு மாதம் போட்டார்.

ஜெயிலில் என்னை யாரும் அடிக்கவில்லை. இதைச் சொன்னால் எங்கள் ஊரில் நம்புவதில்லை. அடி வாங்காமல் ஒருவன் இப்படி ஆவானா என்கிறார்கள். மறியல்காரர் ஒருவர் எனக்கு எழுத்துக்கூடச் சொல்லிக் கொடுத்தார். அந்த உபகாரத்தை இப்போது என் மானத்தை நானே கப்பலேற்றுவதற்குப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறேன். எழுந்திரு என்றால் எழுந்திருக்க வேண்டும், உட்கார் என்றால் உட்கார வேண்டும், அவ்வளவுதான். தினமும் சாயங்காலம் பூட்டுவதற்கு முன்னால் எல்லோரையும் வரிசையாகக் குந்த வைத்து எண்ணுவார்கள். எண்ணிக்கை சரியாக வந்தால்தான் கதவு சாத்துவார்கள். மூன்றாம் மாதம் எனக்குத் தூக்கம் போயிற்று. டாக்டரிடம் சொன்னேன். நாக்கை நீட்டச் சொன்னார். நீட்டினேன். பேதிக்குக் கொடுத்தார். தூக்கம் வரவில்லை, மற்றது வந்தது.

வரிசையில் எனக்கு அடுத்தாற்போல் குந்துகிறவர் நெசவு வேலை செய்தவர். சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் கை, தறியில் நாடா எறிகிற மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்க்கொண்டே இருக்கும். போகப் போக அழ ஆரம்பித்தார். பிறகு சாப்பாட்டை நிறுத்தினார். அவரையும் டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னார். ஒரு நாள் மத்தியானம் அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு என்றார் ஒருவர், செத்தே போய்விட்டார் என்றார் இன்னொருவர். அன்று சாயங்காலமும் எண்ணினார்கள். நேற்றைவிட ஒன்று குறைவு. வார்டர் ஒரு நொடிகூட நிற்கவில்லை. "சரி" என்று சொல்லிப் பூட்டினார். அன்றிலிருந்து ஒவ்வொரு சாயங்காலமும் வார்டரின் விரல் என் பக்கம் வரும் வரை எனக்கு மூச்சு வராது. என்னைத் தாண்டி எண்ணிவிட்டால் நானும் இல்லாமல் போய்விடுவேன் என்று பயம். சிரிக்க வேண்டாம்; சிரித்தாலும் சிரித்துக்கொள்ளுங்கள், நானே எத்தனையோ தடவை சிரித்தாயிற்று.

விடுதலையாகி வந்த அன்றே மானம் போயிற்று. என் வீட்டுக் கதவுக்கு முன்னால் வந்து நின்றேன். நின்றேன், நின்றுகொண்டே இருந்தேன். உள்ளேயிருந்து என் மனைவி எட்டிப் பார்த்து, "ஏனுங்க, நம்ம ஊடுதானுங்க, தள்ளிட்டு வாங்க" என்றாள். எனக்கோ கை எழவில்லை. கதவு என்றால் வேறு ஒருவர் திறக்க வேண்டும் என்று ஆறு மாதத்தில் மண்டையில் ஏறிவிட்டது. சாப்பிட உட்கார்ந்தால் களியில் பாதியை உருட்டி இடுப்பில் செருகிக்கொள்வேன். வெளிக்குப் போக வேண்டுமென்றால் அவள் முன்னால் போய் விறைப்பாக நின்று, "ஐயா, வெளிக்கு" என்பேன். "போயிட்டு வாங்க சாமி" என்று உத்தரவு கொடுப்பாள். பக்கத்து வீட்டு மாடு கழுத்தை ஆட்டி மணி ஒலித்தால் சட்டென்று எழுந்து நிற்பேன். அந்த மாட்டுக்கு ஈ தொல்லை வேறு அதிகம். நாள் முழுக்க எனக்குத் தோப்புக்கரணம்தான்.

கீழ்நாட்டுப் பேய் ஒன்று பிடித்திருக்கிறது என்று பூசாரியை அழைத்து வந்தார்கள். அவர் வேப்பிலையால் நாலு வீசு வீசிவிட்டு, கண்ணை உருட்டி, "யார்ரா நீ? பேரச் சொல்றா!" என்று அதட்டினார். அந்தக் குரலில் யாராவது அதட்டி வெகு நாளாகியிருந்தது. துள்ளி எழுந்து, கையைத் தொடையோடு ஒட்டி நின்று, "நானூத்தி முப்பத்தேழுங்கய்யா!" என்று கத்தினேன். பூசாரி எத்தனையோ பேய் ஓட்டியவர். நம்பர் போட்ட பேயை அவர் பார்த்ததில்லை. வேப்பிலையைக் கீழே போட்டுவிட்டு, "இது சர்க்கார் சமாசாரமுங்க, நமக்கு வேண்டாம்" என்று கிளம்பிப் போய்விட்டார்.

இதெல்லாம் பகலில். சாயங்காலம் ஆனால்தான் எனக்கு உண்மையான கஷ்டம். பொழுது சாயச் சாய நெஞ்சு அடித்துக்கொள்ளும். என்னை எண்ண யாரும் இல்லையே! எட்டு நாள் இப்படியே போயிற்று. ஒன்பதாம் நாள் ஆடுகள் மேய்ச்சலிலிருந்து திரும்பின. எங்களுக்குப் பதினோரு வெள்ளாடு. தினமும் என் மனைவி அவற்றைப் பட்டிச் சுவரோரம் நிறுத்தி, கையிலிருக்கும் குச்சியால் ஒவ்வொன்றின் முதுகிலும் தட்டி எண்ணித்தான் உள்ளே விடுவாள். அன்று எனக்கு என்ன ஆயிற்றோ தெரியாது. போய்க் கடைசி ஆட்டுக்குப் பக்கத்தில் குந்திவிட்டேன். கை முழங்கால் மேல், பார்வை தரையில், எல்லாம் முறைப்படி. அவள் தட்டிக்கொண்டே வந்தாள். பத்து, பதினொன்று. நின்றாள். பிறகு என் தோளில் குச்சியால் மெதுவாகத் தொட்டு, "பன்னெண்டு" என்றாள். படலைச் சாத்திவிட்டுக் கஞ்சி ஊற்றப் போய்விட்டாள்.

ஏன் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. எனக்கும் அது விந்தையாகத் தோன்றவில்லை. பைத்தியக்காரனுக்குத் தன் பைத்தியம் ஊருக்கே புரியும் என்று நினைப்பு. அன்று வயிறு நிறையச் சாப்பிட்டேன், அடித்துப் போட்ட மாதிரி தூங்கினேன். அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான். ஆண்பிள்ளை, அரியூர் நாட்டில் நிலம் உள்ளவன், சாயங்காலமானால் ஆட்டோடு ஆடாகக் குந்திக்கொண்டு என் முறைக்குக் காத்திருப்பேன். நாளாக ஆகக் கதவைத் தள்ளப் பழகினேன். களியை முழுசாகச் சாப்பிட்டேன். மாட்டு மணிக்கு எழுந்திருப்பதும் பாதியாகக் குறைந்தது. சாயங்காலம் மட்டும் விடவில்லை.

இப்படி ஒரு வேடிக்கை நடக்கும்போது ஊர் பார்க்காமல் இருக்குமா? வாசலூர்பட்டியில் இருக்கிற என் மாமனார் காதுக்கு இரண்டே நாளில் எட்டிவிட்டது. மனிதர் கொதித்துப்போனார். "எம்பொண்ண மனுசனுக்குத்தான் குடுத்தேன், கிடாய்க்கு இல்ல" என்று சொல்லி அனுப்பினார். புருஷனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஊர்க்கவுண்டர் தீர்ப்புச் சொன்னால், பெண்ணை அழைத்துப் போய் வேறு இடத்தில் கட்டிக் கொடுக்கலாம். எங்கள் மலையில் அது அதிசயமில்லை. ஊர்க்கவுண்டரும் நாலு பெரியவர்களும் வந்து என்னைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக ஏற்பாடு. "நீ என்ன சொல்றே?" என்று என் மனைவியைக் கேட்டேன். "ஆட்ட ஓட்டிட்டுப் போவோணும், நேரமாச்சு" என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று நாள் முழுக்க யோசித்தேன். அவள் போய்விடுவாள் என்றுதான் பட்டது. போனால் தப்பே இல்லை என்றும் பட்டது. அதுதான் ரொம்ப வலித்தது.

பெரியவர்கள் வந்து பலா மரத்தடியில் உட்கார்ந்தார்கள். என் காட்டுக்கு எல்லை எது, இது என்ன மாசம், என் பாட்டன் யார் என்றெல்லாம் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னேன். சொல்லும்போது விறைத்து நின்றேன் என்பதுதான் குற்றம். "உக்காருப்பா" என்றார் ஒருவர். உட்கார்ந்தேன். "ஏன், நிக்கட்டுமே" என்றார் இன்னொருவர். எழுந்தேன். மாமனார் பிடித்துக்கொண்டார். "பாத்தீங்களா? உக்காரச் சொன்னா உக்கார்றான், எந்திரிக்கச் சொன்னா எந்திரிக்கிறான்!"

"மாப்பிள்ளைன்னா இதுக்கு மேல என்னய்யா வேணும் உனக்கு?" என்றார் ஊர்க்கவுண்டர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிழைத்தேன் என்று நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்து ஆடுகள் வந்துவிட்டன. என் மனைவி பெரியவர்களைக் கும்பிட்டுவிட்டு, வழக்கம்போல ஆடுகளைச் சுவரோரம் நிறுத்தினாள். ஒன்று, இரண்டு என்று தட்டினாள். இன்று ஒரு நாள், இந்த ஒரே ஒரு நாள் போகக் கூடாது என்று பலா மரத்து வேரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பத்து. பதினொன்று. அவள் நிறுத்தினாள். படலைச் சாத்தவில்லை. குச்சியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

"என்ன கண்ணு, ஆடு குறையுதா?" என்று கேட்டார் மாமனார்.

"ஆமாங்கப்பா. ஒண்ணு குறையுது."

ஆடு காணோம் என்றால் எங்கள் மலைக்காரன் உட்கார்ந்திருப்பானா? சிறுத்தை நடமாட்டம் உள்ள இடம். பெரியவர்கள் அத்தனை பேரும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "ப்பா, ப்பா" என்று கூப்பிட்டபடி சரிவில் இறங்கிவிட்டார்கள். ஊர்க்கவுண்டரே ஒரு புதருக்குள் தலையை விட்டுப் பார்த்தார். என்னை விசாரிக்க வந்த பஞ்சாயத்து, காணாமல் போகாத ஆட்டைத் தேடிக்கொண்டிருந்தது. குற்றவாளி நான் மட்டும் மரத்தடியில்.

"தேட வேண்டாமுங்க, மேல வாங்க" என்று கூப்பிட்டாள் அவள். "அங்க மரத்தடியில இருக்குது."

மூச்சிரைக்க வந்து நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள். "வாங்க" என்றாள். ஐந்து பெரியவர்கள், மாமனார், வேலிக்கு அப்பால் பாதி ஊர், இத்தனை பேர் பார்க்க எழுந்து போனேன். கடைசி ஆட்டுக்குப் பக்கத்தில் குந்தினேன். குச்சியைப் போட்டுவிட்டு, என் தலையில் கையை வைத்து, "பன்னெண்டு" என்றாள். படலைச் சாத்தினாள்.

மாமனாருக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. "நீயுமா கண்ணு? இந்தக் கூத்துக்கு நீயும் தாளம் போடறியா? எத்தன நாளா நடக்குது இது?"

"அவுர டேசனுக்குக் கூட்டிட்டுப் போன அன்னைக்கிருந்துங்கப்பா" என்றாள்.

ஒருவருக்கும் புரியவில்லை. எனக்கும்தான். அவள் என்னைப் பார்க்கவில்லை, ஆட்டைப் பார்த்தே பேசினாள். "ஆட்டோட இவுரையும் ஒண்ணாச் சேத்தித்தான் எண்ணுவேன். சேத்தாட்டிப் படலைச் சாத்தக் கை வராதுங்க. இவுரு வந்து குந்தினப்போ, சரி, எப்பவும் எண்ணற எடத்துல ஆளே வந்துட்டாருன்னு இருந்துச்சு."

ஊர்க்கவுண்டர் முள் கிழித்த நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "பைத்தியம்னா இங்க ரெண்டு பேருக்கும் இருக்குது. இதுல யாரைய்யா யாருகிட்ட இருந்து பிரிக்கிறது?" என்று மாமனாரைக் கேட்டார். பிறகு, "கஞ்சி இருந்தா ஊத்து சாமி, உன் ஆட்டத் தேடி நாக்கு வறண்டு போச்சு" என்றார்.

அவள் எல்லோருக்கும் கஞ்சி ஊற்றினாள். மாமனாரும் வாங்கிக் குடித்தார். நான் பட்டிச் சுவரோரம் குந்தியபடியே அழுதேன், எழுந்திருக்கத் தோன்றவில்லை. அந்த ஆறு மாதமும் சாயங்காலம் வார்டர் ஒருவர்தான் என்னை எண்ணுகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.