வாழைப்பழத்தோடு நிறுத்தியிருக்கலாம்

போன கிழமை அண்ணாவின் மகன் ஒரு புதுக் கண்ணாடியோடு என் முன்னால் வந்து நின்றான். தடித்த கறுப்புச் சட்டம். நுகேகொடையில் வாங்கினானாம். "கண்ணில என்னடா பிழை?" என்று பதறிப்போய்க் கேட்டேன். "ஒண்டுமில்லை மாமி, சும்மா கண்ணாடி, பவர் இல்லை. நேர்ட் லுக்!" என்றான். போட்டிருந்த பெனியனிலும் நேர்ட் என்ற அதே சொல்தான் எழுதியிருந்தது. எந்நேரமும் படிப்பும் கம்பியூட்டருமாகக் கிடக்கிற பிள்ளைக்கு இப்போது அதுதான் பட்டமாம். அப்படிச் சொல்லிக்கொள்வதில் பெருமையாம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கண்ணாடியைப் பிடுங்கிச் சன்னலால் எறிந்திருப்பேன். அவனுடைய அம்மா பக்கத்தில் நின்றதால் விட்டுவிட்டேன்.

அவனைச் சொல்லி என்ன? அவனுடைய அப்பா அதே மாதிரிக் கண்ணாடியைப் பவரோடு போட்டுக்கொண்டு வெள்ளவத்தை ஒழுங்கையில் நடந்த நாட்களில் அதற்கு வேறு பட்டம் இருந்தது. பழம்.

எங்கள் பள்ளிக்கூடத் தமிழில் பழம் என்றால் சாப்பிடுகிற பழமில்லை. தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, சட்டையைக் கழுத்துப் பொத்தான் வரை பூட்டி, புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போகிறவன் பழம். ஒழுங்கையில் கிரிக்கெட் விளையாடும் பெடியன்கள் அண்ணாவைக் கண்டால் விளையாட்டை நிறுத்திவிட்டுக் கத்துவார்கள். "டேய், பழம் வருது, தள்ளி நில்லுங்கோடா, நசிஞ்சிடும்!" அண்ணா சிரித்துக்கொண்டே போய்விடுவார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். அப்போது எனக்குப் பதினொரு வயது. எங்கள் மூன்றாம் மாடி வீட்டிலிருந்து மீன் கழுவிய தண்ணீரை அவர்களுடைய தலையில் ஊற்றியிருக்கிறேன். அதற்காக அம்மாவிடம் அடியும் வாங்கியிருக்கிறேன். அடியைவிட அம்மா சொன்னதுதான் என்னால் தாங்கமுடியாமல் இருந்தது.

"சொன்னாச் சொல்லட்டுமேன்! அவன் பழமாவே இருக்கட்டும். பழத்தை ஆர் பிடிச்சுக்கொண்டு போகப்போறான்?"

சண்டைக் காலம் அது. கொழும்பில் எங்காவது குண்டு வெடித்தால் மறுநாள் எங்கள் ஒழுங்கையில் பொலிஸ் வந்து நிற்கும். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்தால் போதும், பெடியன்களை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அண்ணாவின் அட்டையிலும் அப்படித்தான் இருந்தது. அவருக்குப் பதினெட்டு வயது, பல்கலைக்கழகம் போக ஏ.எல். சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தார். மகனைப் பிடித்துக்கொண்டு போய்விடக்கூடாது என்பதைத் தவிர அம்மாவுக்கு வேறு வேண்டுதலே இருக்கவில்லை. எனக்கோ, என் அண்ணாவை ஒருத்தரும் பகிடி பண்ணக்கூடாது.

பகிடி பண்ணுகிறவர்களுக்கு என்ன தெரியும்? எங்கள் வீட்டுக் குழாயில் விடிய ஒரு நேரம்தான் தண்ணீர் வரும். அது வருகிறதா என்று பார்க்க அம்மா இரண்டு மூன்று தரம் எழும்புவார். அதற்கு அண்ணா ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். தண்ணீர் வந்ததும் ஒரு மணி அடிக்கவேண்டும், மணிக்கூட்டை வைத்து எத்தனை நிமிடம் வந்தது என்றும் பார்க்கவேண்டும். எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் கோடு கோடாகக் கீறி வைத்திருந்தார். உலகத்திலேயே பெரிய விஞ்ஞானி என் அண்ணாதான் என்பதற்கு அந்தக் கொப்பி எனக்குப் போதுமான சாட்சி.

ஒரு சனிக்கிழமை காலை பத்து மணியளவில் கதவு தட்டப்பட்டது. அப்பா வேலைக்குப் போயிருந்தார். அண்ணா முதலில் செய்தது என்ன தெரியுமா? திறந்து கிடந்த கழுத்துப் பொத்தானைப் பூட்டினார். பிறகுதான் கதவைத் திறந்தார். இரண்டு பொலிஸ்காரர்கள் நின்றார்கள். அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் என்னவோ கேட்டார்கள். அண்ணாவுக்குச் சிங்களம் சரியாக வராது. அம்மாவுக்கு அறவே வராது. கீழ்வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடி நன்றாகச் சிங்களம் கதைத்தது அந்த வீட்டில் நான் ஒருத்திதான்.

"என்னவாம் கேக்கினம்? படிக்கிறான் எண்டு சொல்லு பிள்ளை" என்றார் அம்மா. படிக்கிறார் என்றேன். பொலிஸ்காரர்களில் பெரியவர் நம்பாத மாதிரி அண்ணாவை ஏற இறங்கப் பார்த்தார். அம்மா சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. பழத்தை ஒருத்தரும் பிடிக்கமாட்டார்கள்தானே!

"அபே அய்யா பலதுரக்" என்றேன். எங்கள் அண்ணா ஒரு பழம்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். "மொன பலதுரத?" என்று பெரியவர் கேட்டார். என்ன பழமென்று கேட்டால் நான் என்ன சொல்ல? வாயில் வந்ததைச் சொன்னேன். "கெசெல்." வாழைப்பழம்.

அந்த மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மற்றவரும் சிரித்தார். அண்ணாவும் கண்ணாடியை மூக்கில் தள்ளிவிட்டு அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "வாழைப்பழம், வாழைப்பழம்" என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டே அவர்கள் படியில் இறங்கத் தொடங்கினார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒழுங்கைப் பெடியன்கள் சிரிப்பது போதாதென்று இவர்களும் வந்து, எங்கள் வீட்டு வாசலிலேயே நின்று என் அண்ணாவைப் பார்த்துச் சிரிக்கிறதா? உள்ளே ஓடினேன். கொப்பியை எடுத்துக்கொண்டு படியில் இறங்கி, "இதைப் பாருங்கோ, எங்கட அண்ணா எவ்வளவு கெட்டிக்காரன்!" என்று சிங்களத்தில் கத்திப் பெரியவருடைய கையிலேயே கொடுத்தேன்.

அவர் பக்கத்தைப் புரட்டினார். சிரிப்பு நின்றது. இது என்ன என்று விரலை வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டார். நானும் ஒன்றுவிடாமல் சொன்னேன். இது பற்றரி. இது வயர். இது மணிக்கூடு. நேரம் வந்ததும் அடிக்கும்.

அண்ணாவைக் கொண்டுபோய்விட்டார்கள்.

பதினொரு நாள். அப்பா யார் யாரிடமோ அலைந்து திரிந்தார். குழாயில் தண்ணீர் வடிகிறதைக் காட்டி அதை விளங்கப்படுத்த ஒரு பொலிஸ் நிலையத்திலும் ஒருத்தருக்கும் நேரம் இருக்கவில்லை. அந்தப் பதினொரு நாளுக்குள் அண்ணாவின் கணித வினாத்தாள்கள் நடந்து முடிந்துவிட்டன. அடுத்த வருடம் எடுக்கலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் எடுக்கவில்லை. காலி வீதியில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலைக்குப் போனார், இன்றைக்கும் அங்கேதான். நாள் முழுக்க வயரை அளந்து வெட்டிக் கொடுப்பார். வீட்டு அழைப்பு மணி பழுதானால் திறந்துகூடப் பார்க்கமாட்டார். அன்றைக்கு நசிஞ்சிடும் என்று கத்தியவர்களில் ஒருத்தன் இப்போது தன் மகனை ரோபோ செய்கிற வகுப்புக்கு இழுத்துக்கொண்டு அலைகிறான். யாரை நான் கோபிக்க?

அண்ணா திரும்பி வந்த அன்று கண்ணாடியில் ஒரு பக்கம் இருக்கவில்லை. அம்மா அழுதுகொண்டே சுடுதண்ணீர் வைத்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். ஏசுவார் என்று பயம்.

"இஞ்ச வா" என்றார் அண்ணா. போனேன். "நீ வாழைப்பழத்தோட நிப்பாட்டியிருக்கலாம்."

"அவங்கள் உங்களைப் பாத்துச் சிரிச்சவங்கள் அண்ணா!" என்று நான் அழுதேன்.

"சிரிக்கட்டும் எண்டுதானே அப்பிடி நிண்டனான்" என்றார்.

இதென்ன கதை, சிரிக்கட்டும் என்று யாராவது நிற்பார்களா? பொலிஸில் அடித்ததில் அவருக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைத்தேன். நானாவது அவருக்காக நிற்கவேண்டும் என்று முடிவு கட்டினேன். அடுத்த நாள் பின்னேரம் அவர் சாமான் வாங்கக் கடைக்குப் போக இறங்கியதும், வாளி நிறையத் தண்ணீரோடு பல்கனியில் போய் நின்றேன். கத்தட்டும் பார்ப்போம்.

ஒருத்தரும் கத்தவில்லை. அண்ணா கழுத்துப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, ஒற்றைக் கண்ணாடியோடு ஒழுங்கையில் நடந்து போனார். பெடியன்கள் விளையாட்டை நிறுத்திவிட்டு, அவரைப் பார்க்காமல், மதிலோடு மதிலாகத் தள்ளி நின்றார்கள். பழம் என்று ஒரு சத்தம் வரவில்லை, அன்றைக்கும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை.

நான் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தேன். "பாத்தீங்களா அம்மா, இப்ப எல்லாருக்கும் அண்ணாவில மரியாதை வந்திட்டுது" என்றேன்.