கூண்டுக்கதவு ஐலா

பனித்தளத்தின் விளிம்புப் பலகையை நோக்கி யாராவது வேகமாகச் சறுக்கி வந்தால் ஐலா துருனெனின் வலது கால் தானாகத் தரையை மிதிக்கும். மிதிப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. சிமெண்டுத் தரையும் அதன்மேல் ஒரு ரப்பர் விரிப்பும்தான். ஆனாலும் மிதிப்பார். ஆள் மோதி, கண்ணாடித் தடுப்பு அதிர்ந்து அடங்கியதும் காலை எடுத்துக்கொண்டு, "சொன்னா கேக்கறானா" என்பார். யாரும் யாருக்கும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

எங்கள் ஊர் கோஸ்கிலாவில் வண்டி ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் ஐலாவிடம் கற்றவர்கள். பயிற்சிக் காரில், தன் பக்கம் தனியாக ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு, ஆயுளில் பெரும்பகுதியைப் பிறர் ஓட்டும் வண்டியில் கழித்தவர். குட்டையான உருவம், சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை, கன்னத்தில் எப்போதும் அடக்கிய ஓர் உப்பு மிட்டாய். மாலை ஆட்டங்களுக்கு வந்து, எங்கள் ஊர் ஐஸ் ஹாக்கி அணியான கொக்குகளின் தண்டனைக் கூண்டுக்குள் உட்கார்ந்து கதவைத் திறந்து மூடுகிறார்.

நான் உள்ளூர்க் கூண்டுக்கும் வெளியூர்க் கூண்டுக்கும் நடுவில் கடிகார மேசையில் உட்காருகிறவன். தவறு செய்த ஆட்டக்காரன் கூண்டில் இரண்டு நிமிடம் அடைபட வேண்டும். அதுவரை அவன் அணி ஓர் ஆள் குறைவாக ஆடும். எதிரணி கோல் போட்டுவிட்டால் மட்டும் உடனே விடுதலை. நேரம் என் பொறுப்பு, தாழ்ப்பாள் ஐலாவின் பொறுப்பு. இதில் பேச்சுக்கு இடமே இல்லை என்றுதான் அக்டோபர் வரை நினைத்திருந்தேன்.

அக்டோபரில் ஒரு மாலை, பின்கள ஆட்டக்காரன் நீலோ உள்ளே வந்து உட்கார்ந்தான். மூச்சு வாங்கியது. பனித்தளத்தைப் பார்த்தபடியே சொன்னான்.

"டீச்சர், என் பொண்டாட்டி ஒரு வாரமா பேசல."

"நீ என்ன பண்ண?"

"ஒண்ணும் பண்ணல. மீன் பிடிக்கப் போனேன்."

"சொல்லிட்டுப் போனியா?"

"அவளுக்கே தெரியுமே."

"எப்பிடித் தெரியும்? இண்டிகேட்டர் போட்டியா? நீ பாட்டுக்கு வளைச்சுட்டுப் போனா பின்னாடி வர்றவங்க என்னடா பண்ணுவாங்க?"

நீலோ மட்டையை எடுத்துக்கொண்டான். நேரம் முடிந்தது. கதவு திறந்தது, போனான். அடுத்த ஆட்டத்துக்கு அவன் மனைவி வந்திருந்தாள், கையும் அசைத்தாள்.

இதை நீலோ சௌனா நீராவிக் குளியலில் மற்றவர்களிடம் சொல்லிவிட்டான். வினை அங்கேதான் பிறந்தது. எங்கள் ஊர் ஆண்களை எதிரே உட்காரவைத்து மனதில் இருப்பதைச் சொல் என்றால், பனி எப்போது உருகும் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார்கள். கூண்டில் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. இருவரும் முன்னால் பார்த்துக்கொண்டு உட்காரலாம். எவ்வளவு மோசமாகப் போனாலும் இரண்டு நிமிடத்தில் கதவு திறந்துவிடும்.

கொக்குகள் தவறு செய்யத் தொடங்கினார்கள். மட்டையால் காலை வாரினார்கள், சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். ஒருவன் எதிராளியின் முதுகில் லேசாகத் தட்டி, "மன்னிச்சுக்கப்பா, அவசரம்" என்று சொல்லிவிட்டு, நடுவர் ஊதுவதற்கு முன்பே கூண்டை நோக்கி வந்துவிட்டான்.

கோல்காப்பாளன் லௌரியின் பாடுதான் பரிதாபம். அவன் தவறு செய்தால், விதிப்படி அவனுக்குப் பதிலாக வேறொருவன்தான் கூண்டுக்குள் போக வேண்டும். லௌரி சளைக்கவில்லை. ஒருவன் காலை நன்றாக இழுத்துவிட்டு, பதிலுக்குப் போகிறவனிடம் சேதி சொல்லி அனுப்பினான்.

"டீச்சர், லௌரி கேக்கச் சொன்னான். மாமியார் கோடை முழுக்க அவன் வீட்லதானாம். என்ன பண்றதுன்னு கேக்கறான்."

"ஒதுங்கி வழி விடச் சொல்லு. குறுக்குச் சந்துல ரெண்டு வண்டி மொறச்சுக்கிட்டு நின்னா ரெண்டும் வீடு போய்ச் சேராது."

சேதி கிடைத்த நிம்மதியில் லௌரி அடுத்த கோலைச் சிரித்துக்கொண்டே விட்டான்.

கிறிஸ்துமஸுக்குள் நாங்கள் புள்ளிப் பட்டியலின் அடியில் இருந்தோம். 'நாட்டிலேயே மூர்க்கமான அணி' என்று பத்திரிகை எழுதியது. கோபத்தைத் தணிக்க நிர்வாகம் ஒரு நிபுணரை வரவழைத்தது. அவர் ஒரு மதியம் முழுக்க ஆட்டக்காரர்களுடன் இருந்து பார்த்துவிட்டு, இவ்வளவு சாந்தமான ஆண்களைத் தான் கண்டதில்லை என்று சொல்லிப் போனார்.

பயிற்சியாளர் கெத்துனென் ஆட்டப் பதிவுகளைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து விஷயத்தைப் பிடித்தார். காலி அரங்கில் ஐலாவிடம் வந்து நின்றார்.

"ஐலா, பசங்க உங்ககிட்ட வந்து உக்காரணும்னே தப்பு பண்றாங்க."

"தெரியும். பாவம், வேற எங்க போவாங்க."

"நீங்க பேசாம இருந்தா என்ன?"

"நான் எங்க பேசறேன். கேக்கறேன்."

"கேக்காதீங்க."

"காதுக்கு பிரேக் வெக்கலையேப்பா."

கெத்துனென் கெட்டிக்காரர். வாக்குவாதத்தை விட்டுவிட்டு, ஜனவரி முதல் ஐலாவை வெளியூர்க்காரர்களின் கூண்டுக்கு மாற்றினார்.

அங்கே முதலில் வந்தது முன்பல் இல்லாத ஒரு மலை. மட்டையைத் தரையில் அடித்து, நடுவரின் குடும்பத்தையே திட்டிக்கொண்டு உட்கார்ந்தது. ஐலா பழக்கதோஷத்தில், "சீட் பெல்ட்" என்றார். அந்த மனிதன் இரண்டு பக்கமும் குனிந்து தேடினான். கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு சாதுவாகிவிட்டான். இரண்டு நிமிடம் முடியும்போது தன் நாய் இறந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தான். மீதியைச் சொல்ல அன்று இன்னும் இரண்டு தடவை வந்தான். ஆள் குறைந்த அந்த இடைவெளிகளில் நாங்கள் இரண்டு கோல் போட்டோம்.

சொந்த ஊரில் கொக்குகளை வெல்ல முடியாது என்றானது. வெளியூர் ஆட்டக்காரர்கள் பேருந்தில் வரும்போதே கேள்விகளைத் தயார் செய்துகொண்டு வந்தார்கள். ஊரே குதூகலித்தது, ஐலாவைத் தவிர. "அவன் அழுவான், நீங்க அந்தச் சாக்குல கோல் போடுவீங்க. நல்லாவா இருக்கு?" என்று என்னிடம் கேட்டார். நான் கடிகாரத்தைத் துடைத்தேன்.

மார்ச்சில் கடைசி ஆட்டம் கரடிகள் என்ற அணியோடு. அவர்களும் எங்களைப் போலவே விளிம்பில் இருந்தார்கள். தோற்கிற அணி தொழில்முறைப் பிரிவிலிருந்தே இறங்கிவிடும். ஆட்டக்காரர்கள் வேறு பிழைப்பு தேட வேண்டும். ஐலா அன்று காதுகளை மூடும் பெரிய கம்பளிப் பட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். கெத்துனென் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு ஓடிவந்தார்.

"இன்னிக்குப் போயா, ஐலா?"

"காது குளிருது" என்றார் ஐலா. அரங்கின் உள்ளே அப்படியொன்றும் குளிரவில்லை.

கரடிகள் வந்து உட்கார்ந்தார்கள், வாயைத் திறந்தார்கள், பட்டையைப் பார்த்தார்கள், மூடிக்கொண்டார்கள். நாலைந்து பேர் ஏமாந்து போனபிறகு தவறு செய்வதையே நிறுத்திவிட்டார்கள். ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று நின்றது. கொக்குகளின் ரசிகர்கள் ஐலாவைப் பார்த்துக் கத்தினார்கள். அவருக்குக் கேட்கவில்லை, அல்லது கேட்காததுபோல் இருந்தார்.

முடிய மூன்று நிமிடமோ என்னவோ இருக்கும்போது கரடிகளின் ஹக்கரைனென் உள்ளே வந்தார். அணியிலேயே மூத்தவர், தாடி நரைத்துவிட்டது. அவர் வேண்டுமென்றே தவறு செய்யவில்லை. கால் ஓடாததால் எதிராளியின் மட்டையைப் பிடித்துவிட்டார். உட்கார்ந்ததும் கையுறையைக் கழற்றினார். மட்டையை, இனி வேண்டாததுபோல், மூலையில் சாய்த்து வைத்தார். ஐலா அதைப் பார்த்தார். பட்டையில் ஒரு பக்கத்தை மட்டும் காதிலிருந்து நகர்த்தினார்.

"இதோட முடிஞ்சுது டீச்சர்" என்றார் ஹக்கரைனென். "நிறுத்திடப் போறேன். ஒருத்தருக்கும் சொல்லல."

"வீட்ல?"

"அவகிட்ட எப்பிடிச் சொல்றது. பதினாறு வயசுலேந்து இது ஒண்ணுதான் தெரியும். நாளைக்குக் காலைல எழுந்து..."

அப்போது நீலோ அடித்த வட்டு வலைக்குள் போனது.

நாங்கள் பிழைத்துக்கொண்டோம். அதற்குப் பிறகு கோல் விழவில்லை, கொக்குகள் அடுத்த வருடமும் ஆடுவார்கள், கரடிகள் இறங்கிவிட்டார்கள். ஆனால் அந்த நிமிடத்தில் அது யாருக்கும் தெரியாது. அரங்கம் முழுக்க எழுந்து நின்று கூரை அதிரக் கத்தியது. கெத்துனென் பெஞ்சின் மேல் ஏறி நின்று யாரையோ கட்டிப்பிடித்தார். கோல் விழுந்ததால் தண்டனை தீர்ந்தது; நான் கடிகாரத்தில் அதை அழித்தேன். நடுவர் சறுக்கி வந்து, ஹக்கரைனெனை வெளியே விடும்படி சைகை செய்தார். கரடிகள் அவருக்காகக் காத்து நின்றார்கள்.

ஹக்கரைனென் எழுந்திருக்கவில்லை. கோல் விழுந்ததே அவருக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறேன். முழங்காலைப் பார்த்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தார்.

நடுவர் கண்ணாடியைத் தட்டினார். ஐலா தாழ்ப்பாளை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது உள்ளங்கையை நடுவரின் முகத்துக்கு நேரே கண்ணாடியில் வைத்தார்.